தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

1

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து என் சம்பந்தியம்மா கனகம் கூப்பிட்டு, பாப்பாவுக்குச் சமயபுரத்தில் மொட்டை போடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் மெல்பர்ன் நகரத்தின் ஓர் ஓரத்தில், என் மகன் வீட்டு அடுப்படியில், தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பாப்பாவின் அம்மா தேன்மொழி என் மகள். அப்பா முரளி, சம்பந்தியம்மாவின் மகன். இரண்டு பேரும் சம்பந்தியம்மாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். குரல் கொடுத்தால் அடுத்த அறையிலிருந்து என்ன என்று கேட்பார்கள். இருந்தாலும் அவர் கடல் தாண்டி என்னிடம்தான் கேட்பார்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் முரளிய நாள் பாக்கச் சொல்லுவேங்க," என்றார்.

சரிங்க என்றேன். தோசை கருகிவிட்டது.

இது முதல் தடவை இல்லை. பல் முளைத்தபோது கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டார். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் படுக்கவைக்கலாமா என்று கேட்டார். பாப்பா பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறது, சிரிக்க விடலாமா என்று ஒருநாள் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கிறார் என்றால் நானும் பதிலுக்கு ஒரு குத்துக் குத்திவிட்டுப் போய்விடுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அவர் மனசாரக் கேட்கிறார். அதுதான் கஷ்டம்.

ஏன் என்னிடம் கேட்கிறார் என்றால், அந்தக் குழந்தை என்னுடையது. நான் அதைத் தவிடு கொடுத்து வாங்கினேன்.

வெளிநாட்டுக்கு வந்தவர்கள் ஊருக்கு எழுதும்போது குளிரைப் பற்றி எழுதுகிறார்கள், ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றி எழுதுகிறார்கள். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு விஷயம்தான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அவள் சிரிக்கிற இடங்களில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2

திருவெள்ளறையில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. வீட்டுக்காரர் போன பிறகு மகன் சரவணன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். அவன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எனக்குச் சாப்பாடு போட ஆள் வேண்டும், இரண்டும் பொருந்திப் போயிற்று. வீட்டை விற்றோம். விற்கும்போது தேன்மொழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தலைப்பிரசவத்துக்கு அவள் எங்கே வருவது என்று.

"ஏரோப்ளேன்ல ஏறி ஆஸ்திரேலியாவுக்கு வந்துரு. புள்ள பொறக்கும்போதே இங்கிலீஷ்ல அழும்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இங்கே வந்த புதிதில் நான் பார்த்த அதிசயம் இந்த வீட்டுக் காலைச் சாப்பாடு. ஊரில் மாட்டுக்குத் தண்ணீரில் கலக்கி வைப்போமே, அந்தத் தவிட்டை இங்கே அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே சிரிக்கிற பெண்ணின் படம் ஒட்டி விற்கிறார்கள். என் மகன் அதைப் பாலில் கொட்டிச் சாப்பிடுகிறான். அவன் பையன் நிதினும் சாப்பிடுகிறான். முன்னெல்லாம் நான் அவர்கள் எதிரே நின்று "ம்மா" என்று கத்திக் காட்டுவேன். நிதின் விழுந்து விழுந்து சிரிப்பான். சின்னதில் அவன் என்னை அப்பாயி என்று கூப்பிட்டான். பள்ளிக்கூடம் போன பிறகு அது தேய்ந்து அப்பி ஆயிற்று. இப்போது அறைக் கதவைத் திறக்காமலே உள்ளிருந்து "அப்பி, நாட் நவ்" என்கிறான். அந்த இரண்டு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். அடிக்கடி கேட்பதால் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஊருக்குப் போய்வந்த பிறகு நான் மாடு மாதிரி கத்துவதில்லை. அந்தப் பெட்டி மேஜைக்கு வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

3

தேன்மொழிக்கு இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. மூன்றாவது தங்கி, வளர்ந்து, ஏழாம் மாதமும் ஆயிற்று. ஒன்பதாம் மாதம் நான் போவதாக ஏற்பாடு. நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவள் நான். வெளியே போனால் திரும்பி வருவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கான தாள்களில் நான் போட்ட கையெழுத்து ஒரு இடத்தில் இருந்த மாதிரி இன்னொரு இடத்தில் இல்லை. என் கையெழுத்து அப்படித்தான். ஒருநாள் பெயர் முழுசாக வரும், ஒருநாள் பாதியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் மறுபடி எழுதி அனுப்பச் சொன்னார்கள். மகன் தலையில் அடித்துக்கொண்டான். நான் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், என் பெயரையே ஸ்கூல் பிள்ளை மாதிரி எழுதிப் பழகினேன்.

அந்த நேரத்தில்தான் தேன்மொழிக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். மூக்கில் குழாய், தலையில் குல்லாய், வயிற்றில் ஒட்டிய வயர். கை விரல் எது, மருந்து ஏற்றுகிற குழாய் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மகள் கூப்பிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். எனக்கு அழுகிற பிள்ளையைத் தேற்ற ஒரு வழிதான் தெரியும்.

"என்னடி இது, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு? பூனை கண்ணுல காட்டிறாத," என்றேன்.

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று மகனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிச் செய்தியெல்லாம் சம்பந்தியம்மாவிடமிருந்துதான் வந்தது. இன்றைக்கு இவ்வளவு பால் குடித்தது, இன்றைக்குக் குழாயை எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள், இன்றைக்கு வெளிக்கு மஞ்சளாகப் போனது. அவர் அவ்வளவையும் நிதானமாகச் சொல்ல, நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பெற்றவளின் அம்மா நான். எனக்கு உம் கொட்டுகிற வேலை.

4

அனுமதி வந்து, நான் திருச்சியில் இறங்கியபோது குழந்தைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெட்டியை விட்டு வெளியே எடுத்திருந்தார்கள். இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். விமானத்திலேயே எனக்குச் சளி பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் என் மூக்கைப் பார்த்ததுமே நர்ஸ் உள்ளே விடவில்லை. கதவில் இருந்த கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

உள்ளே ஒரு சாய்வு நாற்காலியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் திறக்கிற ஆஸ்பத்திரிச் சட்டை போட்டிருந்தார். அதற்குள், அவர் வெறும் மார்பில், குழந்தை தவளை மாதிரி ஒட்டிக்கொண்டு தூங்கியது. அதன் காது அவர் நெஞ்சின் மேல் இருந்தது. உடம்புச் சூட்டில் குழந்தையை அணைத்து வைத்திருக்கும் அந்த வைத்தியத்துக்குக் கங்காரு என்றுதான் அங்கே பெயர். தேன்மொழிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து ரொம்ப நாள் படுத்துவிட்டாள். அந்த நாளெல்லாம் பாதிப் பொழுது சம்பந்தியம்மாதான் குழந்தையைச் சுமந்திருக்கிறார். கல்யாணப் பேச்சுக்கு நாங்கள் போனபோது முந்தானை விலகிவிடுமோ என்று இழுத்துப் போர்த்திக்கொண்டே காப்பி கொடுத்தவர் அவர். டாக்டர்களும் மற்றவர்களும் போய்வருகிற அறையில் சட்டையைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வெளியே வந்ததும் நான் சொன்னேன்:

"நான் கங்காரு ஊர்ல இத்தனை வருஷமா இருக்கேன். கங்காரு என்னடான்னா இங்கன ஸ்ரீரங்கத்துல இருக்கு."

சம்பந்தியம்மா சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை.

அன்று மதியம் மகளுக்காக வாங்கிவந்த இட்லியைப் பிரித்தபடியே சம்பந்தியம்மா தன் வேண்டுதலைச் சொன்னார். முன்னால் இரண்டு தங்காமல் போனதால் இந்தக் குழந்தையைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவதாக நினைத்திருக்கிறார். இந்த வழக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயசில் சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். தங்காத வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், பிள்ளைகுட்டி நிறைய உள்ள வேறு ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு, விலையாகத் தவிடு வாங்கிக்கொள்வார்கள். அன்று முதல் குழந்தை அவளுடையது. வாங்கினவள் உடனே, எம் புள்ளைய வளத்துக் குடுங்க என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். பெற்ற வீட்டில் அடுத்தவர் பிள்ளையாக அது வளரும். எமன் தேடிவந்தால் விலாசம் தப்பிப்போகும். விஷயம் அவ்வளவுதான்.

வாங்குவதற்கு எதிர்வீட்டு ராஜம்மாவைச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். ராஜம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் நன்றாக இருக்கின்றன.

நல்ல ஏற்பாடுங்க என்றேன். உள்ளே ஏதோ ஒன்று புழுங்கியது. பிரசவம் அவர்கள் பார்த்தாயிற்று. குழந்தையைச் சுமந்தாயிற்று. பத்தியச் சாப்பாடு போட்டாயிற்று. விற்பதற்குக்கூட ஆள் வைத்தாயிற்று. கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்கைத் துடைக்கத்தான் நான் அவ்வளவு தூரம் பறந்து வந்தேனா?

5

வீட்டுக்குக் கூட்டிவரும் நாளுக்குள் என் சளி போய்விட்டது. டாக்டரும் என்னைப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். முதல்நாள் நான் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துத் திருவானைக்காவல் போய் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் தவிடு கேட்டேன். கடைக்காரர் என் கையிலிருந்த வெளிநாட்டுப் பையையும் என்னையும் பார்த்தார்.

"எத்தனை மாடுங்கம்மா வச்சிருக்கீங்க?"

"ஒரே ஒரு கன்னுக்குட்டிங்க. இன்னும் வீட்டுக்கே வரல."

மூட்டையாகத்தான் கொடுப்பாராம். பேசிப் பேசிச் சிரிக்கவைத்து ஒரு பை வாங்கிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன, வாயை அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டேன். அந்தப் பை வேடிக்கைக்குக் கொஞ்சம் அழகு சேர்க்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் குழந்தையோடு கார் புறப்பட்டது. பின்சீட்டில் சம்பந்தியம்மா குழந்தையை நெஞ்சோடு வைத்துப் போர்த்தியிருந்தார். பக்கத்தில் தேன்மொழி. முன்சீட்டில் நான். மாப்பிள்ளை காரை ஊர்வலத் தேர் மாதிரி ஓட்டினார். காவிரிப் பாலத்தில் பின்னால் வந்த பஸ்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். தேன்மொழி இரண்டு கையாலும் குழந்தையின் காதுகளை மூடிக்கொண்டாள். கீழே ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மேலூர் ரோட்டில் வீட்டு கேட்டுக்கு வெளியே ராஜம்மா தயாராக நின்றார். கையில் முறம், முறத்தில் தவிடு. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். குழந்தைக்கு ஆகாது என்று எல்லோரையும் மாப்பிள்ளை முன்கூட்டியே தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா இறங்கினார். ராஜம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"ராஜம்மா, முறத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க. ஏலத்துல நான்தான் கூடக் கேக்குறேன்," என்று சொல்லிப் பையைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, ஃபாரின் பையி. காத்துப் போவாது, வண்டு வராது. குடுங்க சம்பந்தியம்மா எம் புள்ளைய."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜம்மாகூடச் சிரித்துவிட்டு ஒதுங்கினார். சம்பந்தியம்மா மட்டும் என்னையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. கண்ணை மூடி ரங்கநாதா என்றார். குழந்தையை என் கையில் வைத்தார். முந்தானையை விரித்து, நான் கொட்டிய தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டார்.

அப்போது நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். வளத்துக் குடுங்க என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டும். எனக்குத் தெரியும். மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். குழந்தை என் கையில் முதல் தடவையாக இருந்தது. ஒரு படி அரிசி கனம்கூட இல்லை. என் பக்கம் திரும்பி வாயைக் கோணிக் கொட்டாவி விட்டது. கொஞ்சநேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

6

அன்று முழுக்க சம்பந்தியம்மா குழந்தை பக்கம் வரவில்லை. குளித்துவிட்டு வந்து சமைத்தார். பூண்டு உரித்தார். குழந்தைத் துணிகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டார். அறைக் கதவு வரைக்கும் வருவார், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், போய்விடுவார். தேன்மொழி, அத்தைக்கு என்ன கோபம் என்று என்னிடம் கேட்டாள். வயசானவங்க, அசதியா இருக்கும், நீ படு என்றேன். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே, இன்னும் கொஞ்சநேரம், இன்னும் கொஞ்சநேரம் என்று வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை பொம்மையை வைத்துக்கொள்வதுபோல.

நெஞ்சில் போட்டுக்கொள்ளவும் பார்த்தேன். என் நெஞ்சில் அது இருப்புக்கொள்ளவில்லை. மூக்கைச் சுளித்தது, நெளிந்தது, குரல் வராமல் அழுதது. ஆஸ்பத்திரியில் பழகின நெஞ்சு வேறு. அது தேடிக்கொண்டிருந்தது. நான் பாட்டுப் பாடினேன். என் பாட்டைக் கேட்டு மாடுகூடக் கறந்திருக்கிறது, இது மட்டும் மசியவில்லை.

சாயங்காலம் பால் கொடுக்கிற நேரம். அதற்கு இன்னும் உறிஞ்சத் தெம்பு போதாது. தாய்ப்பாலைப் பிழிந்து பாலாடைக் கிண்ணத்தில்தான் கொடுக்கவேண்டும். தேன்மொழி பிழிந்து வைத்துவிட்டுக் கண் அசந்துவிட்டாள். எழுப்பவேண்டாம் என்று நானே பாலாடையை எடுத்தேன். இரண்டு பிள்ளைகளைப் பாலாடையில் வளர்த்த கை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உரல் மாதிரி இருந்தார்கள். மடக்கு மடக்காக ஊற்றிப் பழகின கை, அந்தப் பழக்கத்தில் சாய்த்துவிட்டது.

குழந்தைக்குப் புரையேறியது. இருமவில்லை. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன செய்யவேண்டும் என்று என் கைக்குத் தெரியவில்லை.

"ஒருக்களிச்சுப் போடுங்க," என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். "ஒருக்களிச்சு, தலையைத் தாழ்த்தி. தேனு, எந்திரி."

தேன்மொழி எழுந்து என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். ஒருக்களித்துத் தாழ்த்தி, முதுகைத் தட்டினாள். வாயோரமாகப் பால் வழிந்தது. ஒரு இருமல். அப்புறம் அழுகை. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சம்பந்தியம்மா எங்கள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். இரண்டு கையும் குழந்தையை நோக்கி நீண்டிருந்தன. ஒரு முழம் தள்ளி, தொடாமல், அப்படியே நின்றன.

"ஏன் அத்தை அங்கயே நிக்கிறீங்க? வாங்கிக்கங்க," என்றாள் தேன்மொழி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தொடலாங்களா சம்பந்தியம்மா? வித்த குழந்தை. நீங்க இன்னும் வளக்கச் சொல்லலிங்க. நான் பாட்டுக்குத் தொட்டு, அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

என் மகள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று காலையிலிருந்து குழந்தை ஏன் அழுதது, அத்தை ஏன் வரவில்லை, நான் எதைப் பிடித்து வைத்திருந்தேன் என்று எல்லாம் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். பெண்ணைப் பெற்றவள், வயசில் மூத்தவள், அந்த அறையில் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்றேன்.

எனக்கு வாய் திறந்தால் ஒரு கேலி வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"எம் புள்ளைய வளத்துக் குடுங்க," என்றேன்.

"சரியா கேக்கலிங்க," என்றார் அவர். அழுகைச் சத்தத்தில் நிஜமாகவே கேட்கவில்லை.

மறுபடி சொன்னேன். அவர் குழந்தையை வாங்கி, ஜாக்கெட்டின் ஊக்கைக் கழற்றி, நெஞ்சோடு வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டார். கொஞ்சநேரத்தில் அழுகை அடங்கியது. துணிக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது.

நான் பாலாடையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். பின்னாலேயே தேன்மொழி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ வந்ததே எனக்குப் போதும்மா. வந்த எடத்துல எதுக்கு நீ ஜெயிக்கணும்?" என்றாள்.

குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளே அதை மூடிவிட்டுப் போனாள்.

7

எனக்கு அனுமதித்திருந்த காலம் முடியும் வரை இருந்தேன். துணி துவைத்தேன், பால் பாத்திரங்களைக் கொதிக்கவைத்தேன், தேன்மொழிக்குத் தலை வாரிவிட்டேன். கேட்டால் தவிர குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கும்போதெல்லாம் சம்பந்தியம்மா, உங்க குழந்தைதானே, வச்சுக்கங்க என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதே எனக்குக் கை கூசும். திரும்பக் கொடுத்துவிடுவேன்.

புறப்படும்போது நைசாக அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நடந்தது நடந்துபோயிற்று, என் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க, குழந்தையை நீங்களே எடுத்துக்கங்க, அப்புறம் வேண்டுமானால் ராஜம்மா முறைப்படி வாங்கிக்கொள்ளட்டும் என்று. அவர் அதிர்ந்துபோய்விட்டார்.

"அப்படியெல்லாம் மாத்தி மாத்திச் செய்யக்கூடாதுங்க. நீங்க வெளையாட்டா வாங்குனீங்க. நான் வெளையாட்டா குடுக்கலிங்க."

நான் பெட்டியைக் கட்டப் போனேன்.

இங்கே திரும்பி வந்த பிறகு வாரம் ஒருநாள் வயசானவர்களுக்கு நடக்கும் இங்கிலீஷ் வகுப்பில், போன விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் கடலுக்குப் போனேன் என்றார். ஒருவர் மீன் பிடித்தேன் என்றார். என் முறை வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளது உள்ளபடி சொன்னேன். குழந்தை வாங்கினேன், பெண் குழந்தை, ஒரு பை தவிடு கொடுத்தேன். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வேறு ஒரு அம்மாவிடம் வளர்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

மகனை வேலையிடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு அறையில் உட்காரவைத்து மரியாதையாகத்தான் கேட்டார்கள். சரவணன் வியர்க்க வியர்க்க விளக்கினான். எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம், யாரும் யாரையும் விற்கவில்லை என்று. அவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள், எனக்கு டீ கொடுத்தார்கள். காரில் வரும்போது சரவணன் கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தான். பிறகு, இந்தக் கதையெல்லாம் இனிமேல் வெளியில் சொல்லவேண்டாம்மா, எனக்கு அசிங்கமா இருக்கு என்றான்.

அவனுக்கு இந்த ஊர்க்காரர்கள் முன்னால் அசிங்கம். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு அறையில் மூன்று பேர் முன்னால் அசிங்கம். அதில் ஒருவருக்குப் பேசவே தெரியாது.

வழியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்ட நிதின் பின்சீட்டில் இருந்தான். காதிலிருந்து அந்தப் பாட்டுக் கேட்கிற சாமானைக் கழற்றினான்.

"அப்பி, நெஜமா வாங்கினீங்களா?" என்றான். தமிழில் கேட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஆமாண்டா என்றேன்.

"அப்ப ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிக்னலில் பச்சை விழுந்து கார் நகர்ந்தது. அவன் மறுபடி சாமானைக் காதில் மாட்டிக்கொண்டான்.

8

மொட்டைக்குச் சரி சொன்ன இரண்டாம் நாள் சம்பந்தியம்மா மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை முகம் தெரிகிற மாதிரி. குழந்தைக்கு என்னவோ என்றுதான் முதலில் நினைத்தேன். குறைமாதக் குழந்தை என்பதால் எல்லாமே தாமதமாகத்தான் வந்தது. குப்புற விழுந்தது தாமதம், உட்கார்ந்தது தாமதம். ஒரு வயது தாண்டியும் தவழவில்லை என்று தேன்மொழி டாக்டரிடம் நடந்துகொண்டிருந்தாள். வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து நகர்வதோடு சரி. டாக்டர், வரும், பொறுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனில் தரை தெரிந்தது. பிறகு தேன்மொழியின் கால், மாப்பிள்ளையின் கைலி, எதிர்வீட்டு ராஜம்மாவின் சேலை ஓரம். எல்லோரும் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன்.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லித் தொலைங்களேன்."

"ஒண்ணும் ஆவலிங்க சம்பந்தியம்மா," என்றார் அவர். மூச்சு வாங்கியது. "காலையிலேந்து தவழுது. முட்டி போட்டு, கூடத்தைச் சுத்திச் சுத்தி வந்துருச்சு. இப்ப வாசப்படிகிட்ட நிக்கிது."

போனைத் தாழ்த்திப் பிடித்தார். பாப்பா தெரிந்தது. மஞ்சள் கவுன், ஒரு காலில் மட்டும் கொலுசு. இரண்டு கையையும் நிலைப்படி மேல் ஊன்றி, மண்டியிட்டு, வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் முன்னும் பின்னும் ஆடியது. ஒட்டடை மாதிரி முடி. இன்னும் மொட்டை போடவில்லை.

"மொத மொத படி தாண்டுனா கொழுக்கட்டை செய்யணும், மாவு இடிச்சு வச்சுட்டேன். நல்ல நேரந்தான். தாண்ட விடலாங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வீடே என் வாய்க்காகக் காத்திருந்தது. தேன்மொழி தரையில் உட்கார்ந்து, பாப்பாவைப் பிடிக்காமல், ஆனால் பிடிக்கத் தயாராகக் கையை வைத்திருந்தாள். அவளும் போனைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் ஏதுமில்லை. என்னைப் போலவே பயந்துகொண்டிருந்தாள்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. என்னைக் கேக்காதீங்க, இது உங்க குழந்தை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று. இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"சம்பந்தியம்மா," என்றேன். செருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "சம்பந்தியம்மா, நான் சொல்றது என்னன்னா..."

"ஐயோ, போயிருச்சு," என்றாள் தேன்மொழி.

பாப்பா படிக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரையும் கேட்கவில்லை.